குடை தின்ற ஆட்டை வரைந்த கை

நகலார் என்று அவருக்குப் பெயர் வைத்தது சரக்கு ரயில் அலுவலகத்தில். எந்தக் கடிதம் எழுதினாலும் ஒரு நகல் எடுத்து, தேதிவாரியாகக் கோப்பில் வைத்துவிடுவார். ஓய்வு பெற்ற பின் பதினோரு வருடமாக அவர் எழுதியதெல்லாம் திரைப்படக் காப்பகம் ஒன்றுக்குத்தான். விஷயமும் ஒன்றுதான். படங்கள் பேசத் தொடங்காத காலத்தில், வரைந்த உருவங்களே நடமாடும் படம் என்பது புதுசாக இருந்த நாளில், தம் தகப்பனார் ஓர் ஆட்டை வரைந்து நடக்கவிட்டார். அந்தப் படம் தொலைந்துவிட்டது. கிடைத்தால், வரைந்தவர் என்ற இடத்தில் தகப்பனார் பெயர் வர வேண்டும்.

போன வாரம் பதில் வந்தது. மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் அலமாரியில், பிஸ்கட் டப்பாவுக்குள், சுருள் அகப்பட்டிருக்கிறது. குடும்பத்தார் வந்து பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடலாம்.

நகலார் படிவத்தை வீட்டிலேயே பூர்த்தி செய்துகொண்டு, தங்கையையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"பாக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டியா அண்ணா?"

"பாத்துட்டு எழுத என்ன இருக்கு? நம்ம அப்பா யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியாதது எது. என் கல்யாணத்துல எத்தன நாற்காலி உடைஞ்சதுன்னுகூட எழுதி வச்சிருப்ப."

"நாலு" என்றார் நகலார்.

காப்பகத்தில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட சின்ன அறை. நடுவே, கைப்பிடியைச் சுற்றினால் படம் ஓடும் மேசை. கையுறை மாட்டியிருந்த அலுவலர் அம்மாள் இருவரையும் உட்கார வைத்தார்.

"ஒரிஜினல் கை பட்டாலே உதிருது சார். இது அதுலேர்ந்து எடுத்த நகல்."

"பரவால்ல மேடம், எங்க அண்ணனுக்கு அதுதான் உசிரு" என்றாள் தங்கை.

கைப்பிடி சுழன்றது. திரையில் ஒரு வெள்ளைத் தாள். வரைந்த படம்தான், மாயமில்லை என்று ஜனங்கள் நம்புவதற்காக அந்தக் காலத்தில் முதலில் வரைகிற கையைக் காட்டுவார்கள். இரண்டு பித்தான் வைத்த கோட்டுக் கை ஒன்று தாளுக்குள் நுழைந்தது.

"அப்பா கோட்டு!" நகலார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அப்பாவின் கல்யாணப் போட்டோவில் இருப்பது அதே கோட்டு, அதே பித்தான்.

கை ஆட்டுக்குக் கொம்பு வைத்தது, தாடி வைத்தது. ஆடு உடம்பை உதறிக்கொண்டு நடந்தது. கொக்கியில் தொங்கிய குடையைக் கம்பியோடு மென்று விழுங்கியது. வயிறு விரிந்து, கால்கள் தரையைவிட்டு எழும்பி, அந்தரத்தில் திருதிருவென்று விழித்தது. அதோடு சுருள் அறுந்திருந்தது.

தங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். "விருந்துல நம்ம மாமா மெல்ற மாதிரியே மெல்லுது." கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணா, அது இடது கை" என்றாள்.

அப்பா சகலத்துக்கும் வலது கைக்காரர். நகலார் தயங்கவே இல்லை. "மேடம், நகல் எடுக்கும்போது சுருளைப் புரட்டிப் போட்டுட்டீங்க."

"நடக்கறதுதான் சார். புரண்டா இடது வலதாயிடும்." அவர் சுருளைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி மாட்டினார்.

இப்போது வலது கை. நகலார் பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கை ஆட்டை முடித்து, தாளின் மூலையில் எண் போட்டது. நூற்றுக்கணக்கான தாள், வரிசை கலையாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும். ஒன்று என்ற எண் எப்படித் திருப்பினாலும் கோடுதான். அடுத்த தாளில் இரண்டு விழுந்தது, கண்ணாடியில் பார்ப்பது போல முகம் மாறி. மூன்றும் அப்படியே. முதல் தடவை எல்லாம் நேராக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அலுவலர் கைப்பிடியை நிறுத்தினார். "எண் புரண்டு வருது, முதல்ல போட்டதுதான் சரி. பழையபடியே மாத்திடட்டுமா சார்?"

நகலார் மடியிலிருந்த படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். "மாத்துங்க" என்றார்.

மூன்றாம் முறை யாரும் ஆட்டைப் பார்க்கவில்லை. கோட்டுக் கை நீண்டு, பித்தான் இரண்டும் புறங்கை வரை இறங்கியிருந்தன. கல்யாணப் போட்டோவில் அது அப்பாவுக்கு மணிக்கட்டோடு நின்றிருந்தது. சுண்டுவிரல் தாளில் படாமல் வளைந்தே நின்றது.

"பள்ளிக்கூடத்துல அம்மாவை ஸ்கேலால அடிச்ச விரல்" என்றாள் தங்கை. "இடது கையால எழுதினதுக்கு."

"அம்மா வலது கையாலதான் எழுதுவாங்க."

"நாலு பேர் பாக்கற எடத்துல. கத்தரிக்கோலும் ஊசியும் எந்தக் கையில? உனக்குத்தான சட்டைக்குப் பித்தான் தெச்சுக் குடுத்தாங்க? அப்பா உனக்கு ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்காரா?"

"அவருக்கு நேரம் ஏது?"

"என் சிலேட்டுல பூனை போட்டது யாரு?"

"எல்லா வீட்லயும் அம்மாதான் போடுவாங்க."

"எல்லா வீட்டுப் பூனையும், அழிச்சு அழிச்சுப் போடப் போட, இந்த ஆடு மாதிரி நடந்துச்சா?"

'நம்ம வீட்ல போட்ட படம்' என்றுதான் அப்பா சொல்வார். 'நான் போட்டது' என்று ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் சொல்லாததை எழுத்தில் ஏற்றியது தாம்தான் என்பது நகலாருக்கு இப்போது உறைத்தது.

"கேமரா சுத்த ஒருத்தர் வேணுமே சார்" என்றார் அலுவலர், ஆறுதலாக. "அது உங்கப்பாவா இருக்கலாம்."

"இருக்கலாம். அதைப் பார்த்தவங்க இல்ல. பார்க்காதத இனிமே எழுத மாட்டேன். புதுப் படிவம் ஒண்ணு குடுங்க."

வரைந்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். அடுத்த வரி: பிறந்த ஆண்டு. பேனா நின்றுவிட்டது. அப்பா பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"அம்மா எந்த வருஷம்?"

"என்னக் கேட்டா? வயசு கேட்டா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க" என்றாள் தங்கை.

"விட்டுடுங்க சார். பேர் வந்தாப் போதும்."

"போதாது மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்துடறேன்." படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சின்னம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அக்கா வயசு தெரியாமலா இருக்கும்?"

"அவங்க பையன் கல்யாணத்துக்கு நீ போகல. ஏழு வருஷமாப் பேச்சு இல்ல. வாசல்லயே விரட்டிருவாங்க."

"விரட்டட்டும்" என்று நகலார் எழுந்தார். "வருஷத்தச் சொல்லிட்டு விரட்டட்டும். நீ வா."