காசிராஜனுக்கு வந்த ரீஃபண்ட்

மலேசியாவில் இறங்கிய அன்றைக்கே காசிராஜன் ஒரு சட்டம் போட்டுவிட்டார். எந்தக் கடையில் கார்டைத் தேய்த்தாலும், மெஷின் "ரிங்கிட்டா, ரூபாயா" என்று கேட்டால் ரூபாயைத்தான் அமுக்க வேண்டும்.

"நம்ம பணத்துல பாத்தாத்தான் எவ்வளவு போகுதுன்னு தெரியும். எவனும் ஏமாத்த முடியாது."

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர், வியாபாரிகள் சங்கத்துத் துணைத்தலைவர். சொன்னால் சொன்னதுதான். கூட வந்த சாமுவேல்ராஜ் பேப்பர் கடைக்காரர், பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளி. அப்போதே காசிராஜன் எழுதியதைப் பார்த்து எழுதி ஃபெயிலானவர். அவரும் போகிற கடையெல்லாம் ரூபாயையே அமுக்கினார்.

காசிராஜனின் மனைவி சத்தியபாமா மட்டும் ஒரு துணிக்கடையில் ரிங்கிட்டை அமுக்கினாள். விலைச்சீட்டில் எந்தப் பணம் எழுதியிருக்கிறதோ அதிலேயே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

"ஏட்டி, நம்மூரு பொட்டிக்கடைன்னு நினைச்சியா?" என்று கடைக்காரன் முன்னாலேயே சிரித்தார் காசிராஜன். சாமுவேல்ராஜும் சிரித்தார். அவருடைய மனைவி மேரிராணி சிரிக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு கார்டு பில் வந்தது. ரூபாயை அமுக்கிய ஒவ்வொரு தடவையும், ரிங்கிட்டை ரூபாயாக மாற்ற கடைக்கார மெஷின் தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டிருந்தது. அது போதாதென்று, வெளிநாட்டில் தேய்த்ததற்காக இங்கே பாங்கும் ஒரு கட்டணம் பிடித்து, அதற்கு வரியும் போட்டிருந்தது. சத்தியபாமா வாங்கிய துணிக்குப் பாங்கு பிடித்தது மட்டும்தான். மெஷின் கொள்ளை அதில் இல்லை.

"பருத்தி மண்டியில வெலையை நல்லாச் சொல்லிட்டு அப்பறமா கழிவுன்னு பிடிப்பான்லா, அதேதான்," என்றாள். இடைசெவலில் பருத்தி வெள்ளாமை செய்கிற வீட்டில் பிறந்தவள். காசிராஜனுக்கு அது காதில் விழவில்லை, விழாமல் பார்த்துக்கொண்டார்.

பாங்கு மேனேஜர், "மெஷின்ல ரேட்டு காட்டியிருக்கும் சார், நீங்கதான் ஓகே குடுத்திருக்கீங்க," என்றார். இந்தக் கார்டைத் தலையில் கட்டுவதற்காகக் காலண்டரோடு வீடு தேடி வந்த அதே மேனேஜர்தான். அன்றைக்கு இந்தக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

காசிராஜன் பாங்கின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறிவிட்டார். தான் யார், தன் செல்வாக்கு என்ன என்று நீளமாக எழுதி, தன் போன் நம்பரையும் போட்டார். "இவரும் பாதிக்கப்பட்டவர்" என்று சாமுவேல்ராஜின் பெயரையும் நம்பரையும் சேர்த்தார். சங்கத்து ஆட்கள் வரிசையாக லைக் போட்டார்கள். லைக் போடாமல் படித்தவன் ஒருத்தன் இருந்தான்.

மறுநாளே போன் வந்தது. ரீஃபண்ட் பிரிவாம். "உங்க பதிவைப் பாத்து ஹெட் ஆபீஸே ஆடிப்போச்சு சார்," என்றான். இந்த ஒரு வரி போதும். வேறு ஆளாக இருந்தால் கொஞ்சமாவது மெனக்கெட்டு ஏமாற்றியிருக்க வேண்டும்.

காசிராஜன் கார்டு நம்பரையும், செல்லுக்கு வந்த ஓடிபி நம்பரையும், பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தார். "யாருக்கு நம்பர் சொல்லுதீங்க?" என்று ஓடிவந்த சத்தியபாமாவைக் கையைக் காட்டி அடக்கினார். கொஞ்ச நேரத்தில் மெசேஜ் மேல் மெசேஜாக வந்தது. கார்டில் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்துவிட்டார்கள்.

"சைபர் போலீசு நம்பர் 1930-க்குப் போன் போட்டுச் சொல்லுங்க. ஒடனே சொன்னா நிப்பாட்டலாம்னு சொல்லுதாங்கல்லா," என்றாள் சத்தியபாமா.

"சொன்னா ஊருக்கே தெரியும். துணைத்தலைவரு ஏமாந்துட்டாருன்னு பேப்பர்ல போடவா? ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்பிடாது. சாமுவேல்ட்ட கூட."

கார்டை மட்டும் பிளாக் செய்துவிட்டு வாயையும் பூட்டிக்கொண்டார். அவர் வெட்கம் அவரோடு போகட்டும் என்று சத்தியபாமாவும் விட்டுவிட்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும். சாமுவேல்ராஜ் செல்லை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார்.

"ஏலே காசி, ஒன் போஸ்டு வேலை செஞ்சுட்டுல! பாங்குல இருந்து எனக்கும் கூப்பிட்டுட்டான். ஒனக்குப் பணம் போட்டாச்சாம், அடுத்தது எனக்காம். மேரிதான் நம்ப மாட்டேங்கா. ஒன்ட்ட கேட்டுட்டு நம்பரைச் சொல்லச் சொல்லுதா. லைன்லதான் இருக்கான். ஒனக்கு வந்துட்டுல்லா?"

சத்தியபாமா புருஷன் முகத்தைப் பார்த்தாள். "வரல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காசிராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலரைச் சரி செய்துகொண்டார்.

"வந்துட்டு," என்றார்.

இந்த மனுஷன் தற்பெருமைக்காரர் என்பது அவளுக்குத் தெரியும். முட்டாள் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் கூட்டாளி முன்னால் ஒரு இஞ்ச் குறைந்துபோவதைவிட, அவனையும் அதே கிணற்றில் தள்ளிவிடலாம் என்று நினைப்பார் என்பது தெரியாது. சாமுவேல்ராஜ் கையிலிருந்த செல்லைப் பிடுங்கினாள்.

"களவாணிப் பயலே, வைல போனை!"

அவன் வைத்துவிட்டான்.

"அண்ணாச்சி, இவியளுக்கு ஒண்ணும் வரல. இருந்ததும் போச்சு. இதே மாதிரித்தான் நம்பரை வாசிச்சுக் குடுத்தாவ. உங்க நம்பர் அவனுக்கு எப்படிக் கெடச்சுன்னு நினைக்கிய? இவியதான் ஃபேஸ்புக்ல ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டிருக்காவ."

சாமுவேல்ராஜ் கூட்டாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். "வந்துட்டுன்னு சொன்னியேல..."

"நல்லா விசாரிச்சுட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன்," என்றார் காசிராஜன். சாமுவேல்ராஜ் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்றைக்கு சத்தியபாமாவே 1930-க்குப் பேசினாள். புகாரை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பணம் எங்கெங்கோ கை மாறிப் போயிருந்தது. திரும்பி வரவில்லை. நீங்களே நம்பர் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பாங்கும் கைகழுவியது, வட்டியை மட்டும் மறக்காமல் போட்டது. காசிராஜன் அவளோடு பேசுவதை நிறுத்தினார். வீடு இவ்வளவு நிம்மதியாகவும் இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் சங்கத்தில் இணைய மோசடி பற்றி விழிப்புணர்வுக் கூட்டம். காசிராஜன் மைக்கைப் பிடித்தார்.

"என் நண்பர் சாமுவேல்ராஜ் நூலிழையில் தப்பித்தார். கடைசி நிமிஷத்தில் போனை வாங்கி அந்த மோசடிக்காரனை விரட்டியது யார் தெரியுமா? இந்தக் காசிராஜன்தான்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெண்கள் வரிசையில் சத்தியபாமா அசையாமல் இருந்தாள். பக்கத்தில் இருந்த மேரிராணி அவள் தோளைத் தொட்டு முன்வரிசையைக் காட்டினாள். சாமுவேல்ராஜும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியளா மைனி, எங்க வீட்டு ஆளு லட்சணத்தை!"

"வாங்க, போவோம்," என்று எழுந்தாள் சத்தியபாமா.

இரண்டு பேரும் வாசலைத் தாண்டும்போது, அண்ணாச்சி காசிராஜனுக்கு இப்போது சால்வை போர்த்தப்படும் என்று மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.