இன்ஸ்பெக்டர் எமோகேயின் சாட்சி

புடாபெஸ்ட்டின் மலைப்பக்கத்தில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வைரக் கொள்ளையர்கள் இருந்தார்கள், போலீஸ் இருந்தது, துணிதான் அதிகம் இல்லை. வயது வந்தவர்களுக்கான கேலிப்படம். கொள்ளைக்காரன் பெட்டகத்தில் கை வைக்கும்போதெல்லாம் எவளாவது ஒருத்தி குறுக்கே வந்து அவனை வேறு வேலைக்கு இழுத்துவிடுவாள். எமோகேவுக்கு இன்ஸ்பெக்டர் வேடம். தொப்பி, விலங்கு, பொம்மைத் துப்பாக்கி எல்லாம் சரியாக இருந்தன. பாவாடை மட்டும் ஒரு சாண்.

கொள்ளைக் கூட்டத் தலைவனாக நடித்தவன் போட்டோண்ட். ஒரு காலத்தில் மல்யுத்த வீரன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். பட்டு அங்கியும் தங்கச் சங்கிலியுமாக சோபாவில் சாய்ந்திருந்தான்.

"வசனம் மறந்துபோச்சு எமோகே. 'வைரம் எங்கடி'யா, 'வைரத்த எங்கடி வச்ச'யா?"

"உன் வசனத்தக் கேக்கவா காசு குடுத்து வாங்குறானுங்க? எதையாச்சும் சொல்லு."

அப்போது வாசல் கதவு பிளந்தது. இரும்புத் தடிகளோடு மூன்று பேர் உள்ளே வந்தார்கள். இயக்குநர் வில்மோஷ் சொல்லாமல் ஆள் கூட்டி வந்திருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். போட்டோண்ட் எழுந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வைரம் எங்கடா?" என்றான்.

தடி அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கண்ணன் காருக்குக் குண்டு வச்சிட்டு இங்க பொண்ணுங்களோட கூத்தடிக்கிறியா, ரெஜோ?" என்றான் தோல்கோட்டுக்காரன். ரெஜோ அந்த பங்களாவின் சொந்தக்காரன். இவர்கள் யாரும் அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"நான் ரெஜோ இல்லய்யா! நடிகன்! சத்தியமா நடிகன்!"

"நல்லாத்தான் நடிக்கிற." அடுத்த அடி விலாவில் விழுந்தது. போட்டோண்ட் வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. ஒப்பனைக்காரியும் விளக்குக்காரனும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள்.

எமோகே பொம்மைத் துப்பாக்கியை நீட்டி, "போலீஸ்! தடியக் கீழ போடு!" என்று கத்தினாள். ஒருவன் அவள் பாவாடையைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அறைந்த அறையில் அவளுடைய முன்பல் ஒன்று தரையில் போய் விழுந்தது.

காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த பெரிய விளக்கு பக்கத்தில்தான் நின்றது. அதன் காலைப் பிடித்துத் தூக்கி, தோல்கோட்டுக்காரன் முகத்தின் மேல் அப்படியே சாய்த்தாள். தோல் கருகும் வாடையோடு கண்ணாடி வெடித்தது. மின்சாரம் போனது. உடைந்த வாசலிலிருந்து வந்த வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. கண்ணைப் பொத்திக்கொண்டு அலறியவனை ஒருத்தன் இழுத்துக்கொண்டு ஓடினான். மூன்றாமவனால் ஓட முடியவில்லை. படுத்தபடியே போட்டோண்ட் அவன் கழுத்தைக் கையிடுக்கில் பிடித்திருந்தான்.

பிடிபட்டவன் உள்ளங்கையால் தரையைத் தட்டினான். மல்யுத்த மேடையில் தோற்றவன் தட்டுவது போலத் தட்டினான். போட்டோண்ட் விடவில்லை.

"போதும்டா! விட்டுடு!" எமோகே அவன் கையைப் பிரிக்கப் பார்த்தாள். தட்டுவது நின்ற பிறகுதான் அந்தக் கை தளர்ந்தது.

அலமாரிக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது. பேட்டரியில் ஓடிய கேமராவோடு வில்மோஷ் எழுந்து வந்தார்.

"எடுத்துட்டே இருந்தீங்களா?"

"எப்படிடி நிறுத்துறது? இந்த மாதிரி காட்சி எவனுக்குக் கெடைக்கும்?"

எமோகே விலங்கைக் கைமுட்டியில் சுற்றிக்கொண்டு அவர் மூக்கின் மேல் குத்தினாள். அவர் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு அழ, அவள் கேசட்டை உருவி, கணப்பு அடுப்பில் போட்டு, அது உருகி முடியும்வரை நின்றாள். போட்டோண்டைக் காப்பாற்றும் முதல் பாதியும் அதில்தான் இருந்தது. அவனைச் சிறைக்கு அனுப்பும் மீதியும் அதில்தான் இருந்தது.

அந்த மூன்றாமவன் செத்த வழக்கில், நீதிமன்றத்தில் எமோகே, விளக்கு உடைந்ததும் ஒரே இருட்டு, எதுவும் தெரியவில்லை என்றாள். வில்மோஷும் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். போட்டோண்டை விட்டுவிட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் அவன் ஊன்றுகோலோடு தடுமாறினான். தாங்கிப் பிடித்தாள்.

"அவன் தரையத் தட்டுனான், எமோகே. எனக்குத் தெரிஞ்சுதான் விடல."

"ஒரே இருட்டுப்பா. பாத்துக் கால வை" என்றாள்.