பெரிய மந்திரமும் சின்ன மந்திரமும்

கல்யாணத்துக்கு முன்னால் பொண்ணும் மாப்பிள்ளையும் உபதேசியார் முன்னால் நின்று மந்திரம் ஒப்பிக்க வேண்டும். பாலவனத்தத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரின் சந்தியாகப்பர் கோயிலில் இது யாரும் எழுதி வைக்காத சட்டம். பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாச மந்திரம். மூன்றையும் தட்டாமல் சொல்லிவிட்டால் உபதேசியார் பங்குசாமியிடம் ‘சரி’ என்பார். சாமி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று.

சாமி டவுனில் இருப்பவர். வாரம் ஒரு தடவை பூசைக்கு வந்து போவார். மற்ற நாளில் கோயிலைத் திறப்பது, ஜெபம் சொல்வது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது எல்லாம் உபதேசியார் இன்பராஜ்தான். அவர் ‘சரி’ சொல்லாமல் இந்த ஊரில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ரோஷினி முதலில் சொன்னாள். மார்ச்சுவரி ரிப்போர்ட் படிப்பது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மூச்சில். அவள் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள் அவள்தான். போனதிலிருந்து கோபமாகவே இருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. படித்ததால் வந்த கோபம் என்று அவர்கள் நினைத்தார்கள். படிப்பதற்கு முன்னாலேயே அது இருந்தது. படித்த பிறகு அதற்கு வாய் வந்தது, அவ்வளவுதான்.

“சரி. மாப்ள, நீங்க சொல்லுங்க.”

மாரிச்செல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நர்சிங் காலேஜில் ரோஷினியோடு ஒரே செட். சொந்த ஊர் பந்தல்குடி. வீட்டில் முனியாண்டிக்குக் கிடா வெட்டுகிறவர்கள். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனவன், போன இடத்தில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். அவன் அம்மா சந்தனம்மாள் போனில் அதைக் கேட்டுவிட்டு, “எந்தச் சாமியவேணாலும் கும்புடு. ஞாயித்துக்கெழம போன் மட்டும் போட்டுரு” என்று சொன்னதோடு சரி.

பரலோக மந்திரம் நன்றாகப் போனது. அருள் நிறைந்ததும் போனது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான்.

“ஒரே கடவுளை நம்புகிறேன். விண்ணகமும் மண்ணகமும், காண்பவை காணாதவை…”

இன்பராஜ் நிமிர்ந்து பார்த்தார். கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்களின் விளக்குமாறு நின்றது. இந்த ஊரில் விசுவாச மந்திரம் என்றால் ஒன்றுதான். பூசையில், செபமாலையில், சாவு வீட்டில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட அது ஒன்றுதான். இவன் சொல்வது அது இல்லை. முடிவது மாதிரித் தெரியவும் இல்லை. கடவுளினின்று கடவுளாக, ஒளியினின்று ஒளியாக என்று ஏறிக்கொண்டே போகிறது.

“நிறுத்துங்க தம்பி. இது எங்க படிச்சது?”

“எங்க கோயில்ல மாமா. ஞாயித்துக்கெழம பூசையில சொல்றதுதான். தமிழ்ல தேடிப் படிச்சிட்டு வந்தேன்.”

“மாப்ள வேற கம்பெனி போல,” என்றாள் விளக்குமாற்றோடு நின்ற மாரிக்கனி. சிரிப்பு எழுந்தது. “கொட்டடிச்சி கைதட்டுவாகளே, அந்தச் சபையில முக்கி எடுத்துட்டாகளோ என்னவோ. இவரு கத்தோலிக்கம்னு நெனச்சு வாங்கியிருப்பாரு.”

“அக்கா, உங்க வேலையப் பாருங்க,” என்றாள் ரோஷினி. பிறகு அவனிடம், பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏலே, விசுவாச மந்திரம் படிச்சிட்டு வான்னு சொன்னேன்ல?”

“அதத்தானே சொல்றேன். இதான் விசுவாச மந்திரம்.”

அவளுக்கும் தெரியவில்லை. படிச்சிட்டு வா என்று போனில் சொன்னாள், படிச்சிட்டேன் என்று அவன் சொன்னான். விசுவாச மந்திரம் ரெண்டு இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்பராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “பெரிய பூசைப் புத்தகத்துல நீளமா ஒண்ணு இருக்குன்னு கேள்வி. யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. இங்க சொல்றது இது இல்ல தம்பி. நான் சாமிகிட்ட எப்படிச் சரின்னு சொல்லுவேன்?”

“நாளைக்கு மொத ஓலை வாசிக்கணும் மாமா,” என்றாள் ரோஷினி. “இந்த வாரம் விட்டா தவக்காலத்துக்கு முந்திக் கல்யாணம் நடக்காது. தவக்காலத்துல கல்யாணமே கெடையாது, ஈஸ்டர் கழிஞ்சுன்னா இவனுக்கு லீவு கெடையாது. ஒரு மந்திரத்துக்காக எங்க கல்யாணத்த நிப்பாட்டுவீகளா?”

“நான் நிப்பாட்டலத்தா…”

“பெறகு? ஊருக்குள்ள நீங்க வச்சதுதான் சட்டமா? எவனும் கேக்க மாட்டான்ங்கிற தைரியம்தானே?”

மாரிக்கனியே வாயை மூடிக்கொண்டாள். அவரிடம் இந்த ஊரில் யாரும் அப்படிப் பேசியதில்லை. இன்பராஜ் கோயில் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவு நேரமும் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த ரோஷினியின் அம்மா ஞானப்பூ அப்போதுதான் பேசினாள். “பாதாளத்துல எறங்குனத விட்டுட்டாக.”

“என்னம்மா?”

“அவுக சொன்னதுல அது வரல. நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்.” எழுந்து சேலையைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். எந்த மந்திரம் எந்தச் சபையுடையது என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. அந்த வரி இல்லை. அவ்வளவுதான்.

ரோஷினிக்கு அது புரிந்தது. புரிந்ததால் இன்னும் கோபம் வந்தது.

அவள் அப்பா கிணறு வெட்டப் போனவர். திருச்சுழிப் பக்கம் ஒரு சம்சாரியின் புஞ்சைக் காட்டில், தண்ணீர் காணாத கிணற்றை இன்னும் ஆழப்படுத்த வேட்டுப் போட்டார்கள். வேட்டுப் போட்ட பிறகு இறங்கிய ஆட்களில் மூன்று பேர் ஏறிவிட்டார்கள். அப்பா ஏறுவதற்குள் பக்கச் சுவர் சரிந்தது. உடலை எடுக்க மறுநாள் ஆனது. அந்த ராத்திரி முழுதும் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்த ஞானப்பூவின் பக்கத்தில் ஊரே உட்கார்ந்து செபமாலை சொன்னது. முன்னால் சொன்னவர் இன்பராஜ். அன்றைக்கு விசுவாச மந்திரத்தில், செத்த ஆண்டவர் ‘பாதாளத்தில் இறங்கி’ என்று வந்த இடத்தில் ஞானப்பூ அழுவதை நிறுத்தினாள். அன்றைக்கிருந்து அவள் கோயிலுக்கு வருவதே அந்த வரிக்காகத்தான் என்று ரோஷினிக்குத் தெரியும். மற்றதையெல்லாம் முணுமுணுப்பாள். அதை மட்டும் சத்தமாகச் சொல்வாள்.

சாயங்காலம் பஸ் பிடித்து ரெண்டு பேரும் அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். வழியெல்லாம் ரோஷினி சாமியிடம் பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். இன்பராஜைப் பற்றி மட்டும் ஒரு பக்கத்துக்கு இருந்தது.

பங்குசாமி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் சிரித்தார். “வாங்க, பெரிய மந்திரம் பார்ட்டி.”

ரோஷினி திறந்த வாயோடு நின்றாள்.

“ரெண்டும் நம்மதுதாம்மா. இங்கிலாந்து, அமெரிக்காவுல ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பெரியதைத்தான் சொல்லுவாங்க. நாம சின்னதையே சொல்லிப் பழகிட்டோம். ஜெர்மனியிலயும் நிறைய இடத்துல சின்னதுதான்.”

“எங்கூட வேலை பாக்குற பிலிப்பைன்ஸ் அக்காகூட சொன்னாங்க ஃபாதர்,” என்றான் மாரிச்செல்வம். “அவங்க ஊர்ல சின்னதுதான் ஜாஸ்தியாம். இங்கிலாந்துக்கு வந்து பெரிசு வாய்க்குள்ள நுழையலன்னு சிரிப்பாங்க. நம்ம ஊரும் அப்படித்தான்னு நான் எங்க கண்டேன்? இங்க இருந்தவரைக்கும் கோயில் வாசல்ல செருப்பக் கழட்டுனதில்லையே.”

“அப்ப ஓலை?” என்றாள் ரோஷினி. “அவர்தான் சாவிய மடியில வச்சுக்கிட்டு…”

“யாரு, இன்பராஜா? அவர்தானேம்மா மத்தியானமே போன் பண்ணினாரு. பையன் நீளமா ஒண்ணு சொல்றான், ஒரு இடத்துலயும் தட்டல, எனக்குத்தான் தெரியல, நீங்க விசாரிச்சு நாளைக்கு எப்படியும் ஓலைய வாசிச்சிருங்க சாமி, தகப்பன் இல்லாத பிள்ளைன்னாரு.”

ரோஷினி அடுக்கி வைத்திருந்த பேச்சு முழுதும் வீணாய்ப் போனது. திட்ட வந்த இடத்தில் திட்ட ஆள் இல்லை. அவளுக்கு அது பழக்கமில்லை. காலேஜ் பீஸ், ஹாஸ்டல், முதல் வேலை எதுவும் அவளுக்குச் சண்டை போடாமல் கிடைத்ததில்லை.

“ஆனா ஒண்ணு சொன்னாரு,” என்றார் சாமி. “உன் அம்மா மனசுல ஏதோ இருக்காம். அத நான் சரி பண்ண முடியாது.”

திரும்பி வந்தபோது ஞானப்பூ முற்றத்தில் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். ரெண்டு மந்திரமும் நம்முடையதுதான் என்று சாமி சொன்னதை ரோஷினி சொன்னாள். சத்தமாகச் சொன்னாள்.

“சாமி சொன்னா சரிதான். நானும் வேண்டாங்கலயே,” என்றாள் ஞானப்பூ. “ஓலைய வாசிக்கட்டும்.”

“அப்படின்னா மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க?”

“ஏத்தா, சும்மா இரு.” சுள்ளியைக் கீழே போட்டாள். “தம்பி, அந்தப் பெரிசுல ஆண்டவரு செத்தாருன்னு வருதா?”

“வருது அத்தை. பாடுபட்டு அடக்கம் செய்யப்பட்டார்னு வருது.”

“அடக்கம் எல்லாரையுந்தான் பண்றோம். கீழ எறங்கித் தேடுனது அவரு ஒருத்தருதான். நாங்கெல்லாம் மேல நின்னோம். இவ அப்பா கீழ தனியாக் கெடந்தாக. தனியா இல்லன்னு அந்த ஒத்த வரிதான் எங்கிட்டச் சொல்லுச்சு. அது இல்லாத மந்திரத்தச் சொல்ற ஒரு ஆளு வீட்டுக்கு வாராருன்னா… எனக்கு ஒரு மாதிரி இருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

மாரிச்செல்வம் ஞானப்பூவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“அத்தை, நான் சாமி கும்புடக் கோயிலுக்குப் போகல. வீல்சேர் தள்ளிக்கிட்டுப் போனேன். எங்க இல்லத்துல ஒரு பெரியவரு. ஞாயித்துக்கெழமன்னா கோயிலுக்குப் போயே ஆகணும். தள்ளிட்டுப் போயி பின்னாடி நிப்பேன். செல்போனப் பாத்துக்கிட்டு நிப்பேன், பொய் சொல்லல. பெறகு அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருச்சு. அப்பவும் கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கையக் காட்டுனாரு. எல்லாரும் எந்திரிச்சு இந்த மந்திரத்தச் சொல்றாக. அவருக்கு வாய் வரல. கண்ணுல தண்ணி. என் கையப் பிடிச்சு உலுக்குறாரு. நீ சொல்லுன்னு. புத்தகத்தப் பாத்துச் சொன்னேன். அவருக்குப் பதிலா. அவரு சாகுற வரைக்கும் வாரா வாரம் அவருக்குப் பதிலா நான்தான் சொன்னேன். அவரு போன பெறகு நிப்பாட்ட முடியல.”

ஞானப்பூ கேட்டாள். “அவருக்குப் பிள்ளைக இல்லையா?”

“இருக்காக. தூரம்.”

“அப்ப நீங்களும் எறங்கிப் போயிருக்கீக,” என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. ரோஷினிக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீங்க அந்தப் பெரிசையே சொல்லுங்க தம்பி,” என்றாள் ஞானப்பூ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அந்தப் பெரியவருக்காகச் சொன்னது, விடக்கூடாது. அதுல இல்லாதத நான் இங்கருந்து உங்களுக்கும் சேத்துச் சொல்லிக்கிடுறேன். என்னால அம்புட்டு நீளம் படிக்க முடியாது. அத நீங்க எனக்கும் சேத்துச் சொல்லிருங்க.”

“சரி அத்தை.”

“சாப்பிட்டுப் போங்க. கருவாட்டுக் குழம்பு. அங்கெல்லாம் கெடைக்காது.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஷினி பூசைக்கு முன்னாலேயே கோயிலுக்குப் போனாள். இன்பராஜ் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சண்டைக்கு அவளிடம் நூறு வார்த்தை இருந்தது, இதற்கு ஒன்றும் இல்லை.

“மாமா, நேத்து நான் பேசுனது…”

“தீப்பெட்டி அந்தப் பக்கம் இருக்கு. எடுத்துக் குடு.”

எடுத்துக் கொடுத்தாள். அவர் ஏற்றினார். “மாமா, நீங்க சாமிக்குப் போன் பண்ணுனீகளாம். ரொம்ப நன்றி,” என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள்.

“அப்படிக் கத்தாதத்தா, சந்தியாகப்பருக்கே கேட்டுரும்,” என்றார் அவர். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

பூசையில் எல்லோரும் எழுந்து சின்ன மந்திரம் சொன்னார்கள். மாரிச்செல்வம் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றான். எந்த மந்திரத்தைச் சொன்னான் என்று ரோஷினி கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் நன்மை அப்பம் கொடுத்து முடிந்த பிறகு சாமி தாளைப் பிரித்து ஓலை வாசித்தார். ரோஷினியின் அப்பா பெயர் வந்தது. காலஞ்சென்ற என்று சொல்லி வந்தது. இவர்களுக்குள் திருமணம் செய்யத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று வழக்கம்போல முடித்தார்.

இந்த இடத்தில் யாரும் பேசுவது கிடையாது. சாமி ஒரு மூச்சு நிறுத்திவிட்டு ஆசீர்வாதத்துக்குப் போய்விடுவார். அந்த ஒரு மூச்சில் பெண்கள் பக்கத்திலிருந்து ஞானப்பூ எழுந்தாள்.

கோயில் மொத்தமும் திரும்பியது. மாரிக்கனி வாயில் கையை வைத்துக்கொண்டாள். ரோஷினி பாதி எழுந்துவிட்டாள். நேற்று சரியென்று சொன்னாளே, ராத்திரியில் என்ன நினைத்தாளோ.

“என்னம்மா?” என்றார் சாமி.

“தடை இல்ல சாமி,” என்றாள் ஞானப்பூ.

சாமி முழித்தார். “தடை இருந்தாத்தான்மா சொல்லணும்.”

“தெரியும் சாமி. இல்லங்கிறதயும் யாராச்சும் சொல்லணும்ல. அவ அப்பா இருந்தா அவுக எந்திரிச்சிருப்பாக.” மாரிச்செல்வம் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துக் கும்பிட்டாள். பிறகு பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். “ரொம்ப நன்றி.”

உட்கார்ந்துவிட்டாள். ரோஷினி அம்மாவின் பக்கத்தில் போய் நெருக்கி உட்கார்ந்துகொண்டு அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “கொஞ்ச நேரத்துல உசுர எடுத்துட்டியே,” என்று அம்மாவின் காதில் திட்டினாள். திட்டும்போதே அழுதாள்.