தங்கை சேர்ந்த பிரிவு

அந்தச் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் வந்துவிட்டால் ஆளுக்கொரு திசையாகப் பிரித்துவிடுவார்கள். கொலை, திருட்டு என்று நிற்கப் போகிறவர்களுக்கு ஒரு வகுப்பு, விவாகரத்துக்கு ஒன்று, கம்பெனிகளுக்கு ஒன்று, சொத்துக்கு ஒன்று. பட்டம் என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் எந்த வகுப்பில் உட்கார்ந்தார்களோ, பிழைப்பும் அநேகமாக அதில்தான்.

குட்டி எதில் உட்காருவாள் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அவள் அண்ணன் பேர்போன கிரிமினல் வக்கீல். தங்கை வந்துவிடுவாள் என்று சொல்லியே இதுவரை ஒரு ஜூனியரைக்கூடச் சேர்க்காதவர்.

குட்டியோ சத்தமில்லாமல் சொத்துப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். யார் யாருக்கு விற்றார், எல்லை எங்கே போனது என்று பழைய பத்திரங்களைத் துருவ உட்கார்ந்தால் அவளுக்குப் பசிகூடத் தெரியாது. ஆனால் அதை அண்ணனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அப்பா போனபின் அப்பாவாக நின்றவர். அவர் முகம் வாடிவிடுமோ என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது துணிந்து சொல்லிவிட்டாள். வக்கீலுக்குப் படிப்பவள் அல்லவா, வாதங்களையும் வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தாள். முதல் வாதம் முடிவதற்குள் அண்ணன் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"இங்க வா. இவ கிரிமினல் எடுக்கலையாம்."

அண்ணி ஈரக் கையோடு ஓடிவந்து, "அப்பாடா, நெசமாவா?" என்று குட்டியைக் கட்டிக்கொண்டார்.

குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் நெளிந்தார். போன வருடம் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் நடந்தபோது, அவளுக்குத் தெரியாமல் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாராம். அன்று குட்டி, திருடியதாகப் பிடிபட்டவனுக்கு வக்கீல். நீதிபதியாக இருந்த பேராசிரியர், உங்கள் கட்சிக்காரர் அந்த வீட்டுக்குப் போனது உண்மைதானே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இவள் போனதோடு நிறுத்தாமல், எடுத்ததையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"உனக்குப் பொய் சொல்ல வராதுங்கறது இருக்கட்டும் குட்டி, சும்மா இருக்கக்கூட வரல," என்றார் அண்ணன். "நீ ஆசையா வர்றேன்னு நெனச்சேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம எனக்குத் தூக்கமே இல்ல."

குட்டிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மனதிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. ஆனாலும் ரோஷம் விடவில்லை.

"அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார்.

"திருடனா நின்னவன் சும்மா நடிக்க வந்த பையன்தான். ஆனா மனசு கேக்கல. கிளம்பும்போது அவன் கையில என் விசிட்டிங் கார்டைக் குடுத்துட்டு வந்தேன்."