ஒரு வரியின் முன்னால் போட்ட குறி

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது என்று சொன்னால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் பிறந்தது எரிச்சலில். நூற்றுப் பன்னிரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். திட்டு நிற்பதற்காக ஒரு வரியின் முன்னால் # குறியைப் போட்டேன். குறி போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது. நான் செய்தது அவ்வளவுதான்.

முதலில் எழுதிய தொடக்கம்: "ருசே நகரில், டான்யூப் நதியின் பனிமூட்டத்தில், ஒரு மனிதர்..."

(அடித்துவிட்டேன். பனிமூட்டம் வந்து எனக்காக வாதாடப்போவதில்லை.)

2

கம்ப்யூட்டரில் எதைச் செருகினாலும் அது முதலில் இரண்டு எண்களைச் சொல்லும்: செய்தவர் யார், மாதிரி எது. அந்த எண்ணுக்கு அதை இயக்கும் எந்த நிரல், அதாவது எந்த டிரைவர், பொறுப்பு என்று ஒரு பட்டியல் உண்டு. சோஃபியா நகரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்பவன் நான்.

ஒரு மலிவு சிப் கம்பெனி ஊருக்கெல்லாம் ஒரே எண்ணில் விற்றுத் தொலைத்தது. பார்வையற்றோர் விரலால் படிக்கும் பிரெய்ல் பலகைக்குள்ளும் அந்தச் சிப்தான், பொழுதுபோக்காக ரோபோ செய்பவர்களின் சர்க்யூட் அட்டைக்குள்ளும் அதேதான். அந்த எண் வந்தால் பிரெய்ல் டிரைவரிடம் கொடு என்றது பட்டியலில் ஒரு வரி. ரோபோக்காரர்களின் அட்டைகளை அது பிடுங்கிக்கொண்டது. ஒரு கட்டளை அடித்தால் மீட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு கட்டளையை அடிக்க வலித்துத்தான் அத்தனை கூச்சல். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்.

3

ஓக்னியான் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். வயது ஐம்பத்தெட்டு, ஜெர்மன் ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பவர். கண் பிறவியிலேயே இல்லை, காது நாற்பதில் போனது. இரக்கம் சம்பாதிக்க நானே கூட்டிச் சொல்வதாக நினைப்பீர்கள். காதையாவது திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். கொடுத்தால் கம்ப்யூட்டர் அவருக்கு உரக்க வாசித்துக் காட்டிவிடும், நான் தப்பித்துவிடுவேன். அதனால் கொடுக்கவில்லை.

குறி போட்ட பதிப்பு எல்லார் கம்ப்யூட்டருக்கும் போன அன்றே அவர் பலகை செத்தது. புகாரை இணையத்தில்தான் எழுத வேண்டும். இணையத்தை அவர் அந்தப் பலகையில்தான் படிப்பார். பதினோராம் நாள் அவருடைய தங்கை ஸ்த்ராவ்கா என் நம்பரைத் தேடிப் பிடித்தாள்.

"தம்பி, அந்த வரிய எடுத்தவன் நீதானா?"

"எடுக்கலக்கா. முன்னாடி ஒரு குறி போட்டேன்."

"கழுத்தறுத்தவனும் கத்திய சும்மா வெச்சேன்னுதான் சொல்வான். எங்கண்ணன் பதினோரு நாளா கைய மடியில வெச்சிட்டு உக்காந்திருக்காரு. ருசேக்கு ரயில் இருக்குல்ல? ஏறி வா."

4

போனேன். ஸ்த்ராவ்கா பனீட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைத் தட்டில் வைத்த வேகத்திலேயே விருந்து எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நான் பேசுவதை அவள் அண்ணன் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக விரலால் எழுதினாள்.

அவர் கம்ப்யூட்டரில் குறியை எடுத்தேன். பலகையில் புள்ளிகள் எழுந்தன. அவர் கண்ணீர் விட்டு என் கையைப்

(இல்லை. அவர் அழவில்லை. நேராகப் புகார்ப் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தார்.)

"'குருடங்க எத்தன பேரு இருக்கப்போறானுங்க, தூக்குங்கடா அந்த வரிய.' யாருப்பா இது, உன் மச்சானா?"

"இல்லண்ணே."

"இந்த மாதிரி எத்தன பேரு?"

"நூத்துப் பன்னெண்டு."

"நாங்க எத்தன பேருன்னு எண்ணிப் பாத்தியா?"

பனீட்சாவைக் கடித்தேன்.

"சரி, விடு. குறிய எல்லார் கம்ப்யூட்டர்லயும் எடுத்துட்டியா, இல்ல என் வாய அடைக்க எனக்கு மட்டுமா?"

ஸ்த்ராவ்காவின் விரல் அவர் உள்ளங்கைமேல் காத்திருந்தது.

"எல்லாத்துலயும்" என்றேன்.

அவள் அப்படியே எழுதினாள். நான் சொன்னது பொய்.

5

முடிவுகள்.

அ. குறியை எடுக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு பேரும் திரும்பி வருகிறார்கள். மேலிடம் பட்டியலை வேறொருவனிடம் கொடுக்கிறது. அவன் குறியைப் போடுகிறான்.

ஆ. சாதனத்தின் பெயரையும் கேட்டுப் பிரித்தறியலாம். (கேட்டேன். இரண்டும் ஒரே பெயரைச் சொல்கின்றன.)

இ. திரையில் ஒரு கேள்வி போட்டு, மனிதரையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். (நல்ல யோசனை. ஓக்னியான் அந்தக் கேள்வியை எதை வைத்துப் படிப்பார்?)

ஈ. குறியை விட்டுவிடுகிறேன். யாரும் கத்த மாட்டார்கள்.

அடுத்த பதிப்பு இன்று பகல் பன்னிரண்டுக்குப் போகிறது. அவர் வீட்டில் நான் கையால் செய்த திருத்தத்தையும் அது அழித்துவிடும். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிய யாரும் உள்ளங்கையில் எழுத வேண்டாம். ஏதோ ஒரு ஒப்பந்தத்தின் நடுவில், விரலடியில் புள்ளிகள் இறங்கிப்போகும்.

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அதைக்கூட எழுதத்தான் தெரிகிறது, அதை வைத்து எதையும் செய்யத் தெரியவில்லை.

மணி பதினொன்றரை. குறி இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுக்கச் சொல்பவர்கள் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். சத்தத்துக்கு மட்டும்தான் நான் அசைகிறவன்.