நாற்பத்தொரு கையெழுத்து

காலை பத்து இருபது. ஏழாம் அறையில் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குக் கீழே, ஏரிக்குப் போகும் பாதையில், அண்ணனின் ஆறு மாடுகள் நின்றன. அவற்றின் முன்னால் நேற்று மாட்டிய இரும்புக் கேட். பூட்டியிருந்தது.

கோடையில் ஏரியை விட்டால் வேறு எங்கும் தண்ணீர் இல்லை.

விடுதி மேலாளர் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, அந்த மாட்டுக்காரன் உன் அண்ணன்தானே? சாணி நாத்தம்னு கெஸ்ட் சொல்றாங்க. நீயே பேசி அனுப்பிடு. நாங்க பேசினா பெரிசாயிடும்."

சீருடையோடு இறங்கிப் போனேன். அண்ணன் மேலும் கீழும் பார்த்தான்.

"வாங்க மேடம். ரூம் காலியா இருக்கா? ஆறு பேரு வந்திருக்கோம். தண்ணி மட்டும் போதும்."

"விளையாடாதண்ணா. யாரு பூட்டினது?"

"நீதான்."

கேட்டில் ஒட்டியிருந்த தாளைக் கம்பால் தட்டினான். ஊர் மக்களின் ஒப்புதலோடு பாதை மூடப்படுகிறதாம். கீழே நாற்பத்தொரு கையெழுத்து. பத்தொன்பதாவது என்னுடையது.

எந்த நாள் என்று உடனே தெரிந்துவிட்டது. சீருடை கொடுத்த நாள். வரிசையில் நின்றோம். இரண்டு தாள். "ரெண்டும் உடுப்பு வாங்கினதுக்குத்தான்" என்றார் மேலாளர். பத்தாவது வரை படித்தவள் நான். உடுப்பைத் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டே, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நான் போட்டதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் போட்டார்கள்.

"எனக்குத் தெரியாதுண்ணா."

"தெரியாம போட்டேன்னா பூட்டு திறந்துக்குமா?"

மேலாளர் அறைக்குப் போனேன்.

"என் கையெழுத்தை அடிச்சிடுங்க."

"அதெல்லாம் முடியாதும்மா." கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அப்ப வேலையை விட்டுடறேன்."

"விடு. அதுல நீ ஊர்க்காரின்னுதான் போட்டிருக்க. வேலைக்காரின்னு எங்கயும் இல்லையே. ஊரை விட்டுப் போனாலும் அது அங்கேயேதான் இருக்கும்."

சிரித்தார்.

துப்புரவுச் சாமான் அறையில்தான் எல்லாச் சாவியும் தொங்கும். கேட் சாவியும் இருந்தது. எடுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தினமும் சாவி எடுப்பவள்.

பூட்டைத் திறந்து கேட்டைத் தள்ளியபோது சமையலறையிலிருந்து அக்கா ஓடிவந்தாள். எங்கள் பெரியப்பா மகள். போன வருஷம் ஆடுகளை விற்றுவிட்டு இங்கே பாத்திரம் கழுவ வந்தவள். முழங்கை வரை சோப்பு நுரை. வழியின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

"மூடுடி."

"வழி விடுக்கா. நேத்திலேர்ந்து மாடு தண்ணி குடிக்கல."

"உனக்கென்ன, ஒண்டிக்கட்டை. கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிடுவ. நாளைக்கு எங்க எல்லாரையும் வெளியே தள்ளுவான். என் ரெண்டு புள்ளைக்கும் உன் அண்ணனா சோறு போடுவான்?"

"ஆடு இருந்திருந்தா நீயும் இந்தப் பக்கம்தான் நிப்ப."

"இல்லையே! வித்துத் தின்னாச்சே! விக்கறதுக்கு இன்னும் என்னடி இருக்கு என்கிட்ட?"

மாடியில் விருந்தாளிகள் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மேலாளர் வராந்தாவில் கைகட்டி நின்றார். இறங்கி வரவில்லை. எதற்கு வர வேண்டும்? அவருக்காக எங்கள் வீட்டுப் பெண்ணே குறுக்கே நிற்கிறாள்.

தண்ணீர் வாடை பிடித்த முன்மாடு கழுத்தை நீட்டியது. அதன் மூச்சு அக்காவின் முகத்தில் பட்டிருக்கும். அவள் நகரவில்லை.

"போனா என் மேல ஏறிப் போகட்டும்."

அண்ணன் கம்பை ஓங்கினான். பார்த்தது அக்காவை அல்ல, என்னை.

"நீ சொல்லு. ஓட்டவா?"