சாலையைக் கடந்த பள்ளிக்கூடம்

ஒன்றாம் வகுப்புக்குப் பாட்டும் ஆட்டமும் தொடங்கிய மாதம் பள்ளிக்கூடம் ஒரு முழம் கிழக்கே நகர்ந்தது. தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டதால்தான் விஷயம் தெரிந்தது. குழாய்க்காரர் வந்து பார்த்தார், நீளம் பத்தவில்லை என்றார், ஒரு துண்டு சேர்த்து ஒட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதமும் வந்து ஒட்டினார். காரணத்தைக் கண்டுபிடித்தவர் பாட்டு டீச்சர். தாளத்துக்குக் குதிக்கும்போது பிள்ளைகள் எல்லோரும் வலது காலாலேயே ஓங்கி மிதித்தார்கள். கட்டடமும் அந்தப் பக்கமாகவே போனது.

கிழக்கே கால்வாய். தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆட்டத்த நிறுத்திடுங்க டீச்சர். உக்காந்து பாடினா போதும்."

பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்து பாடினார்கள். கட்டடம் அசையவில்லை. பாட்டும் அசையவில்லை. தையல்காரம்மாவின் மகள் வாயையே திறக்கவில்லை. பொம்மை என்று கூப்பிடப்பட்ட அந்தப் பிள்ளைக்கு, குதிக்கத் தொடங்கிய பிறகுதான் பேச்சு வந்திருந்தது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு தாய் ஓடி வந்தாள். "போன வாரம்தான் டீச்சர் மொத மொதலா 'அம்மா'ன்னா. இப்ப மறுபடி ஒண்ணுமே இல்ல."

மறுநாள் பாட்டு டீச்சர் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"நகரட்டும் சார். எந்தப் பக்கம் நகரணும்னு நான் பாத்துக்கறேன்."

"கால்வாய்க்குள்ள எறங்கிட்டா?"

"பிள்ளைங்களுக்கு எடது காலும் இருக்கே சார்."

இடது காலில் தொடங்கும் பாட்டுகளை டீச்சரே கட்டினார். பள்ளி மேற்கே புறப்பட்டது. அங்கே லாரிகள் பறக்கும் பெரிய சாலை; பாதிப் பிள்ளைகளின் வீடுகள் அதற்கு அப்பால். பிள்ளைகளைக் கை பிடித்துக் கடக்க வைப்பதைவிடப் பள்ளியையே கடக்க வைப்பது மேல் என்று டீச்சர் முடிவு செய்தார். மற்ற வகுப்புகளும் சேர்ந்து ஆட, வேகம் கூடியது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பள்ளி நடுச்சாலையில் நின்றது. லாரிகள் சுற்றிக்கொண்டு போயின; தாளம் கெடும் என்று டிரைவர்கள் ஹாரன் அடிப்பதை விட்டார்கள். குழாய்க்காரர் சுருட்டி விரிக்கிற ரப்பர் குழாய் ஒன்றை மாட்டிக்கொடுத்தார். மறுபடி பேச ஆரம்பித்த பொம்மை ஓயவேயில்லை. "கொஞ்ச நேரம் வாய மூடேன்டி" என்று தையல்காரம்மா அதட்டுவாள்; அதட்டிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள். பள்ளி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இந்தப் பக்கத்துப் பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். டீச்சர் மறுக்கவில்லை. போக ஒரு வருஷம், வர ஒரு வருஷம் என்று வழக்கமாகிவிட்டது.

இப்போது, ஆஸ்பத்திரி ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, அதையும் கொஞ்சம் நகர்த்தித் தர முடியுமா என்று மேட்டுத் தெருக்காரர்கள் டீச்சரிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். அவர் போய்ப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வராந்தாத் தரையைக் குதிகாலால் தட்டினார். "கனம்தான். பெரிய பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரேன்" என்றார். போகிற வழியைப் பார்க்க வசதியாகக் கட்டில்களை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடும்படி நோயாளிகள் கேட்டுக்கொண்டார்கள்.